தில்லியில் பெண் பார்க்கப் போய் மூன்று கடை ஏறிய கதை

தில்லிக்குப் போகிறோம், பீட்சா, பர்கரெல்லாம் எங்கே நன்றாக இருக்கும் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். இன்றைய கடைகளைப் பற்றி என்னைவிட உங்கள் பிள்ளைகளுக்கு அதிகம் தெரியும். எனக்குத் தெரிந்தவை எண்பதுகளின் நடுவே, ஒரு பிப்ரவரியில், நான் ஏறி இறங்கிய மூன்று கடைகள்தான். அங்கேயும் சாப்பிடுவதற்கென்று போகவில்லை. என் தம்பி சரவணனுக்குப் பெண் பார்க்கப் போனோம்.

அம்மா, தம்பி, நான் என்று மூன்று பேர். மதுரையிலிருந்து மெட்ராஸ், அங்கிருந்து இரண்டு இரவும் ஒரு பகலும் ரயில். கரோல்பாகில் ஒரு லாட்ஜில் தங்கினோம். சரவணனுக்கு மதுரையில் மின்வாரிய வேலை. எதற்கும் முகம் சுளிக்காத பிள்ளை. உப்புப் போட மறந்த சாம்பாரைக்கூட, "நல்லா இருக்கும்மா" என்று சொல்லிக் குடிப்பான். அது அவனுடைய நல்ல குணம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம்.

பெண் வீடு ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில். அப்பா மத்திய அரசு அதிகாரி, சொந்த ஊர் அருப்புக்கோட்டை. மாலதி பிறந்ததே தில்லியில். ஒரு அலுவலகத்தில் ஸ்டெனோ. காபி கொண்டுவந்து வைத்தவள் உள்ளே போகாமல் எங்களுக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"வீட்டுக்குள்ள உக்காந்து என்னத்தைப் பேசுறது? எனக்குப் பிடிச்ச மூணு கடை இருக்கு. கூட்டிட்டுப் போறேன். எது ஃபர்ஸ்ட், எது லாஸ்ட்னு நீங்க சொல்லணும்" என்றாள் சரவணனிடம்.

அவள் அப்பா சிரித்தார். அம்மாவின் முகம் இறுகியது. ஆனாலும், "நானும் வாரேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டாள்.

முதல் கடை கனாட் பிளேஸில். ஆர்.கே.புரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், பஸ்ஸில் முக்கால் மணி நேரம். காசைக் கட்டி டோக்கன் வாங்கி, நாமே தட்டை எடுத்துக்கொண்டு நின்றபடி சாப்பிட வேண்டும். பீட்சா பதினெட்டு ரூபாய். அந்தக் காலத்தில் இரண்டு பேர் வயிறு நிறையச் சாப்பிடும் காசு அது. தடித்த ரொட்டி, மேலே குடைமிளகாய், வெங்காயம், நூலாக இழுபடும் சீஸ். அடிப்பக்கம் லேசாகக் கருகியிருந்ததும் நன்றாகவே இருந்தது, ஆனால் தக்காளி சாஸ் எனக்கு ரொம்பத் தித்திப்பு. "ரொட்டி மேல காய ஒட்டவச்சு இந்த விலையா?" என்றாள் அம்மா. ஒரு சின்னத் துண்டோடு நிறுத்திக்கொண்டாள்.

"எனக்கு இதுதான் ஃபர்ஸ்ட். உங்களுக்கு?" என்று மாலதி கேட்டாள்.

"நல்லா இருக்குங்க" என்றான் சரவணன்.

இரண்டாவது கடைக்கு ஆட்டோ. "பையா, மீட்டர் போடுங்க" என்று மாலதி இந்தியில் சொல்ல, "மீட்டர் கராப் ஹை, மேடம்" என்றார் ஓட்டுநர், மீட்டர் கெட்டுப்போயிற்றாம். "அரே, நாலு பேரு சேர்ந்து வந்தா மட்டும் எல்லா மீட்டரும் கராப் ஆயிடும்க்கா" என்று எனக்குத் தமிழில் சொல்லிவிட்டு அவரோடு இந்தியில் ஒரு மூச்சு சண்டை போட்டாள். அடுத்து வந்த ஆட்டோவின் மீட்டர் ஓடியது. எனக்கு இந்தப் பெண்ணை அங்கேயே பிடித்துப்போயிற்று.

அந்தக் கடை சாணக்யபுரியில், ஒரு சினிமா தியேட்டருக்குப் பக்கத்தில். நாற்காலி மேஜை உண்டு, கூட்டம் குறைவு. மெல்லிய பீட்சா, காளான் போட்டது, இருபத்திரண்டு ரூபாய். காரம் தூவிச் சாப்பிட்டால் கையை எடுக்க முடியாது. நான் இதற்குத்தான் முதலிடம் என்றேன்.

"என்னக்கா, அப்பளம் மாதிரி இருக்கு!"

"அப்பளத்துக்கு என்ன குறைச்சல்?"

பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு வாதாடினோம். பிறகு மாலதி சரவணன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க."

"நல்லா இருக்குங்க."

"அப்ப முதல் கடை?"

"அதுவும் நல்லா இருந்துச்சு."

கை கழுவும் இடத்தில் மாலதி என்னிடம் மெதுவாகச் சொன்னாள். "தப்பா நினைக்காதீங்கக்கா. உங்க தம்பி நல்லவரு. ஆனா எல்லாமே நல்லா இருக்குன்னு சொல்றவரோட எப்படிச் சண்டை போடுறது? அவருக்கு என்னதான் வேணும்னு எனக்கு எப்பத் தெரியும்?"

சாயங்காலம் லாட்ஜில் அம்மா குளிக்கப் போனதும் சரவணனிடம் அப்படியே சொன்னேன். 

"ரெண்டுமே பிடிக்கலக்கா. சீஸு தொண்டையில ஒட்டுது."

"பெறகு ஏன்டா?"

"பொண்ணு வீட்டுல எதையும் குத்தம் சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்கள்ல."

மறுநாள் ஞாயிறு. அம்மா மாலதியின் பெற்றோரோடு பேசிக்கொண்டிருக்க, நாங்கள் மூவரும் மட்டும் ஆர்.கே.புரம் செக்டர் மார்க்கெட்டுக்கு நடந்தோம். அங்கே ஒரு சின்னக் கடை. தோசைக்கல்லில் முறுகிய உருளைக்கிழங்கு டிக்கியை, அதாவது மசித்துத் தட்டிய வடையை, பன்னுக்குள் வைத்து, பச்சைச் சட்னி தடவித் தருவார்கள். மூன்று ரூபாய். சரவணன் முதல் கடியிலேயே நிமிர்ந்தான்.

"இதுதாங்க ஃபர்ஸ்ட். நேத்துச் சாப்பிட்ட ரெண்டும் எனக்குப் பிடிக்கவே இல்ல."

மாலதி அவனைப் பார்த்து முதல் தடவையாகச் சிரித்தாள். "அச்சா! பேச வருதே! வேற என்ன பிடிக்கல?"

அவன் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. "இந்த ஊரு பிடிக்கலங்க. கல்யாணத்துக்கு அப்புறம் நீங்க மதுரைக்கு வருவீங்களா?"

அவள் சிரிப்பு நின்றது. "நீங்க சென்ட்ரல் கவர்மென்ட் வேலை தேடிட்டு இங்க வந்துருவீங்கன்னுல்ல அப்பா சொன்னாரு?"

"எங்கம்மா சொன்னது அது. நான் மறுத்துப் பேசல. அதுதான் என் தப்பு. என்னால வர முடியாதுங்க."

"என்னாலயும் இந்த ஊரை விட்டு வர முடியாது" என்றாள் மாலதி. "அப்ப வேண்டாம்தானே?"

"வேண்டாங்க."

என் தம்பி வாய் திறந்து வேண்டாம் என்று சொல்லி அன்றுதான் கேட்டேன். பெருமையாகவும் இருந்தது, மாலதி எங்கள் வீட்டுக்கு வரமாட்டாள் என்று வருத்தமாகவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சட்னி காரம் என்றேன். "இன்னொண்ணு சாப்பிடுறீங்களா?" என்று மாலதி அவனிடம் கேட்டாள். "சாப்பிடுறேன்" என்றான். இருவரும் அதற்குப் பிறகுதான் இயல்பாகப் பேசினார்கள்.

சரவணனுக்கு அடுத்த வருஷம் திண்டுக்கல்லில் பெண் அமைந்தது. மாலதி கல்யாணத்துக்கு நான் மட்டும் போய் வந்தேன். இப்போது தில்லியிலேயே துவாரகாவில் இருக்கிறாள். தில்லி போனால் அவள் வீட்டில்தான் தங்குகிறேன், எந்தக் கடை நல்ல கடை என்று இன்னும் எங்களுக்குள் தீரவில்லை. நீங்கள் போவதாக இருந்தால் பிப்ரவரியில் போங்கள், ஸ்வெட்டர் ஒன்று போதும். கனாட் பிளேஸுக்கு மெட்ரோவில் போய்விடலாம். மதியக் கூட்டம் ஓய்ந்து மூன்று மணிக்கு மேல் கடைக்குள் நுழையுங்கள். எவ்வளவு பெரிய பெயர்ப்பலகையைப் பார்த்தாலும், செக்டர் மார்க்கெட்டுகளில் டிக்கி சாப்பிடாமல் திரும்பாதீர்கள். நான் சாணக்யபுரிக்கு முதலிடம் தந்தாலும், வயிறு கேட்பது அதைத்தான்.

அந்தத் தடவை திரும்பும் ரயிலில் அம்மா யாரோடும் பேசவில்லை. மார்க்கெட்டில் சரவணன் சொன்னதையெல்லாம் நான் சொல்லியிருந்தேன், வந்த காரியம் கெட்டுப்போன கோபம். மறுநாள் மதியம் நாக்பூரில் ஆரஞ்சு வாங்கி உரித்துக் கொடுத்தேன், வாங்கிக்கொண்டாள். வண்டி கிளம்பிய பிறகு சரவணனைப் பார்த்தாள்.

"அந்த பீட்சா உனக்கு நெசமாவே பிடிக்கலையாடா?"

"பிடிக்கலம்மா."

"எனக்குப் பிடிச்சிருந்துச்சு. அந்த ரெண்டாவது கடையில தந்தது."

"நீதான் ஒரு துண்டுக்கு மேல சாப்பிடவே இல்லையேம்மா!" என்றேன்.

"எங்க சாப்பிட விட்ட? கடைசித் துண்டை எடுக்கலாம்னு கையை நீட்டுறேன், அந்தப் பொண்ணோட கத்திக்கிட்டே நீ எடுத்துத் தின்னுட்ட."