சத்தமில்லாமல் இறங்கும் கால்கள்

நடக்காமல் போன விபத்துக்கு யார் நன்றி சொல்வார்கள்? டொரத்தியைப் பார்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி வராமல் போகாது. அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. வலைப்பந்துத் திடலின் கோட்டுக்கு வெளியே நின்று, ஆட வந்த பெண்களின் கையைப் பிடித்து நகம் வெட்டிக்கொண்டிருக்கிறார்.

“இது நகமா, கரண்டியா? யார் கண்ண நோண்டப் போற?”

“அலமாக், அக்கா! நேத்துதான் பாலிஷ் போட்டேன்.”

“பாலிஷ விட்டுட்டு நகத்த மட்டும் வெட்டுறேன், போதுமா?”

மலேசியாவின் மூவார் நகரில் சோபா தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் அவருக்கு வேலை. அங்கே வேலை செய்கிற பெண்களும் மாதா கோயிலுக்கு வருகிற பெண்களும் சேர்ந்த அணி இது. சனிக்கிழமை மாலைகளில் அவர்தான் பொறுப்பு. நகத்துக்குப் பிறகு தோடும் மூக்குத்தியும் கழற்றப்படும். தாலியைக் கழற்றச் சொல்வதில்லை. பிளாஸ்டர் கிழித்து நெஞ்சோடு ஒட்டிவிடுவார். மெட்டிக்கு மட்டும் இரக்கம் கிடையாது. சப்பாத்துக்குள் மெட்டியோடு ஓடி விரல் வீங்கிய ஒருத்தியை, அதை வெட்டி எடுக்க நகைக்கடைக்குக் கூட்டிப்போனவர் அவர். “ஆட்டம் முடியிற வரைக்கும் என் பையில இருக்கட்டும். அதுக்குள்ள உன் வீட்டுக்காரரு ஓடிப்போயிட மாட்டாரு.”

பிறகு குதிக்கச் சொல்வார். எல்லாரையும் வரிசையில் நிறுத்திவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொள்வார். பார்ப்பதில்லை, கேட்பார். முழங்கால் மடங்காமல் சிமெண்டில் இறங்கினால் தொப்பென்று விழும் சத்தம். மடங்கி இறங்கினால் ரப்பர் லேசாக உரசுவதோடு சரி.

“ஜாக்லின், என்ன தேங்கா மூட்ட எறக்குற? மெதுவா லா!”

அணித் தலைவியான ஜாக்லின், அந்த முதுகைப் பார்த்து நாக்கை நீட்டுவாள்.

இதைப் பெரிய ஞானம் என்று சொல்லிவிட முடியாது. பல நேரங்களில் அவர் பயப்படுவது அதிகம்தான். தூறல் விழுந்தாலே ஆட்டத்தை நிறுத்திவிடுவார். இந்த அணியில் யாருக்கும் முழங்கால் போனதில்லை. அது அவரால்தானா என்று காட்ட வழியும் இல்லை. “நீங்க இல்லாட்டியும் போயிருக்காதுக்கா” என்று ஜாக்லின் சீண்டினால், “இருக்கலாம். கால நீட்டு” என்பார்.

மகள் அபிகெயிலும் அணியில் இருக்கிறாள், பெரும்பாலும் பெஞ்சில். அவள் கையை விட்ட பந்து வளையத்துக்குப் போகும் வழியில் மனம் மாறிவிடும். மகள் என்பதற்காக அவளை டொரத்தி இறக்கியதே இல்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அதனால் வீட்டில் சில சாப்பாட்டு வேளைகள் பேச்சில்லாமல் முடிந்ததும் உண்டு.

போன ஆண்டுப் போட்டியின் இறுதி ஆட்டம். கோல் போடும் சாந்தினிக்கு அதுதான் கடைசி ஆட்டம். திங்கட்கிழமை சிங்கப்பூரில் வேலைக்குச் சேர வேண்டும். நாள் முழுக்க நின்றபடி செய்கிற வேலை. ஆட்டத்துக்கு முன் வழக்கம்போல் திரும்பி நின்ற டொரத்திக்கு, சாந்தினியின் கால்கள் ஒன்றாக இறங்காதது கேட்டது. இடது கால் முந்தியது. வலதைக் காப்பாற்றுகிறாள். தனியே அழைத்துப்போய் முழங்காலைத் தொட்டுப் பார்த்தார். வீங்கிச் சூடாக இருந்தது.

“எப்ப?”

“புதன்கிழம. படியில வழுக்கிருச்சு. யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. ஜாக்லின் வீட்டுக்காரருதான் அந்த வேலய வாங்கிக் குடுத்தாரு. கால் நோவுன்னு தெரிஞ்சா வேற ஆள அனுப்பிடுவாரு. ரெண்டு நாள் ரெஸ்ட் எடுத்தா சரியாயிடும்.”

“அப்ப இன்னிக்கே எடு.”

“பைனல்க்கா!”

டொரத்தி கொஞ்ச நேரம் அந்த முழங்காலையே பார்த்தார். “யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்” என்றார். ஆடலாம் என்று அதற்கு அர்த்தம் எடுத்துக்கொண்டு சாந்தினி சிரித்தபடி ஓடினாள்.

விசில் ஊதப்போகும் நேரத்தில் பெண்களின் நடுவே வந்து நின்றார். “சாந்தினி உக்காரட்டும். அபி ஆடுவா.” கோல் போடப் பழகிய மாற்று ஆள் அவள் ஒருத்திதான்.

ஜாக்லின், “இத்தன நாளா நியாயம் பேசிட்டு, பைனல் வந்ததும் மக ஞாபகம் வந்துருச்சாக்கா?” என்றாள்.

சாந்தினி தலையைக் குனிந்துகொண்டாள்.

காய்ச்சல், வயிற்றுவலி என்று ஏதாவது ஒரு பொய் கிடைத்திருக்கும். டொரத்தி அதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அன்று தோற்றார்கள். சாந்தினி திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். பெற்ற பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்று பேசுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏன் என்று டொரத்தி யாரிடமும் சொன்னதில்லை, மகளிடமும்.

அன்று விசில் ஊதுமுன், ஆடும் இடத்தின் எழுத்தை முன்னும் பின்னும் போட்ட மேல்துணியைச் சாந்தினியிடமிருந்து வாங்கி மகளின் தலை வழியாக அவர் மாட்டியபோது, “நான் வேணாம்மா. எல்லாரும் ஒரு மாதிரி பாக்குறாங்க” என்றாள் அபிகெயில்.

டொரத்தி துணியின் சுருக்கத்தை இழுத்துச் சரிசெய்தார். எழுத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, மகளின் நெஞ்சுப் படபடப்பு அடங்கும்வரை கையை எடுக்காமல் நின்றார்.