மாதாவுக்கு என் முகம்

எங்கள் கட்டடத்துப் படிக்கட்டுக் கைபிடிக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்ததும் டர்பன்டைன் மணம். மற்றவர்களுக்கு அதில் தலையிடி வரும். எனக்குக் கோபம் வரும். வயது போனால் ஆறும் என்றார்கள். எனக்கு வயதுதான் போனது.

அது சூசை அண்ணையின் மணம். ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சனில் நான் முதலில் இருந்த வீட்டுக்கு மேல்மாடிக்காரர், மன்னார் ஆள். கிழமை நாட்களில் ஒரு ஜெர்மன்காரனிடம் சுவர்களுக்கு வெள்ளை அடிப்பார். ஞாயிறு பூசை முடிந்து வந்து, குசினி மேசையில் பலகையைச் சாய்த்துவைத்துப் படம் கீறுவார். அதற்கு முன்னர் முழங்காலில் நின்று செபமாலை. தவக்காலம் முழுக்கத் தூரிகை தொடமாட்டார். ஆனால் அந்த நாட்களில் விரல் தன்பாட்டில் மேசையில் எதையோ கீறிக்கொண்டிருக்கும். அதையும் பாவமென்று சுவாமியாரிடம் சொல்லுவார் என்று அவர் மனைவி மேரியக்கா சிரிப்பார்.

தமிழ் ஆட்கள் பூசைக்குக் கூடும் கோயிலுக்கு ஒரு மாதா படம் கேட்டிருந்தார்கள்.

"பிள்ளை, ஒருக்கா வந்து இருக்கிறியே? தமிழ் முகமா ஒரு மாதா கீற வேணும்" என்றார் சூசை அண்ணை.

எனக்கு அப்போது இருபத்தெட்டு. அடிக்கிற புருசனை விட்டுவிட்டு ஒரு சூட்கேசோடு வந்திருந்தேன். எங்கள் சனம் என் முகத்தை நேராகப் பார்க்காத காலம். இந்த மனுசன் மட்டும் ஆறு ஞாயிறு பார்த்தார். முக்காட்டோடு இருந்து கழுத்து விறைக்கும். மேரியக்கா சுடச்சுட ரோல்ஸ் தருவார். மாதா எண்ணெய் வாயோடு இருக்கலாமோ என்று நான் கேட்க, மூன்று பேரும் சிரிப்போம்.

ஒருநாள் தூரிகையைக் கீழே வைத்தார். "கீறேக்கை நான் ஆண்டவரையே மறந்துபோறன், பிள்ளை. அவ்வளவு சந்தோசம். அதுதான் பயமாக் கிடக்கு."

படம் முடிந்ததும் கோயில் பெரியவர்கள் மூன்று பேர் பார்க்க வந்தார்கள். திரும்பும்போது படியில் ஒருவர் சூசை அண்ணையிடம் சொன்னது என் கதவுக்குள் கேட்டது.

"அண்ணை, புருசனை விட்டிட்டு வந்தவளின்ரை முகத்துக்கு முன்னாலை எங்கடை பெண்டுகள் முழங்காலிலை நிக்கிறதே?"

சூசை அண்ணை திருப்பிக் கொடுப்பார் என்று கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றேன். அவர் வாயே திறக்கவில்லை.

திருநாளன்று புதுச்சேலை உடுத்து கோயிலில் முன்வரிசை வாங்கில் போய் இருந்தேன், பைத்தியக்காரி. திரையை விலக்கினார்கள். கலண்டரில் வருகிற வெள்ளைக்காரி, ரோஸ் கன்னத்தோடு. கைகள் மட்டும் என்னுடையவை. துப்புரவு வேலையில் வெடித்த விரல்கள், புருசன் முறித்ததில் வளைந்துபோன சின்னவிரல். அதற்கு முன்னால் எல்லோரும் முழங்காலில் நின்றார்கள்.

அன்று பின்னேரம் படியில் மறித்தேன். "ஏன் அண்ணை?"

"கோயிலுக்குக் கீழ்ப்படிய வேணும், பிள்ளை. அந்த முகத்திலை என்ரை பெருமை இருந்தது. அதைத்தான் அழிச்சனான்."

"அது என்ரை முகம்!"

தலையைக் குனிந்துகொண்டு ஏறிப்போனார். பிறகு அவர் படமே கீறவில்லை. தூரிகைகளைக் குப்பையில் போட்டுவிட்டாரென்று மேரியக்கா வந்து அழுதார். எனக்கும் அழுகை வந்தது. அதற்காகக் கோபம் குறையவில்லை. கடவுளுக்குப் பயந்தாரா, அந்த மூன்று பேருக்குப் பயந்தாரா என்று கேட்காமல் விட்டேனே என்று இன்னும் கூடியது.

இப்போது சூசை அண்ணை இல்லை. கோயிலை விற்று, அதற்குள் வீடுகள் கட்டிவிட்டார்கள். படம் எங்கே போனதென்று ஒருவருக்கும் தெரியாது. அந்த வயதில் எடுத்த புகைப்படம் ஒன்றுகூட என்னிடம் இல்லை. அல்பங்களெல்லாம் புருசனோடு போயிற்று.

அன்று படியில் அந்தப் பேச்சைப் பேசியவர் மட்டும் இருக்கிறார். போன மாதம் கடையில் கண்டேன். இத்தனை வருசமாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்து வைத்திருந்த அத்தனையும் நாக்கு நுனிக்கு வந்தது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆர் பிள்ளை நீங்கள்? நல்ல முகம்" என்றார்.

"அப்பாவுக்கு இப்ப ஒண்டும் நினைவில்லை அக்கா" என்றாள் பக்கத்தில் நின்ற மகள்.

"ஓம்" என்று கையை இழுத்துக்கொண்டேன்.