டாக்டரம்மாவும் கண்டக்டரின் கடைவாய்ப் பல்லும்

வாயில் ஒரு துண்டு மெழுகைக் கடித்தபடியேதான் பல் டாக்டரம்மா போனை எடுப்பார். "ழொழ்ழுங்க" என்று கேட்கும். புதிதாகக் கூப்பிடுகிறவர்கள், பாவம், டாக்டருக்கே பல்வலி போலிருக்கிறது என்று பதறி வைத்துவிடுவார்கள். கிளினிக்குக்கு வேண்டிய கருவிகளைத் தானே செய்வார்; எதைச் செய்தாலும் மெழுகில் எடுக்கும் முதல் அளவு அவர் வாயில்தான். "எனக்கே உறுத்துச்சுன்னா அடுத்தவங்க வாயில எப்படி வைக்கிறது?" என்பது அவர் கட்சி.

கிளினிக்குக்குப் பின்னால் துணி துவைக்கிற அறைதான் பட்டறை. வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு குட்டிக் கடைசல் இயந்திரம், பெட்டி நிறையக் கம்பிகள். உதட்டை விலக்கிப் பிடிக்கும் கொக்கியைக் குடைக்கம்பியில்தான் செய்தார். குடை, பூகோள வாத்தியாரான அவர் கணவருடையது. "மழை வந்தா பாதி நான் நனையறேன், பாதி குடை நனையுது" என்று அவர் சொல்லுவார். ஆனாலும் அடுத்த குடையை அவரே கொண்டுவந்து கொடுப்பார்.

போன வருஷம் ஒருநாள், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவரை அவர் மகள் கூட்டிவந்தாள். அவருக்கு நடுக்க நோய். தலை ஒரு நொடிகூட நிற்காது. கடைவாய்ப் பல் இரண்டு சொத்தை. மூன்று இடங்களில் கைவிரித்துவிட்டார்கள். துளைக்கும்போது தலை ஆடினால் நாக்கு கிழிந்துவிடும் என்ற பயம். எட்டு மாதமாகக் கஞ்சியைக் கரைத்துக் குடித்தே காலம் தள்ளிக்கொண்டிருந்தார் மனிதர்.

"அப்பல்லாம் பஸ் ஆடும், நான் நிப்பேம்மா. இப்ப எல்லாரும் நிக்கிறாங்க, நான் ஆடுறேன்" என்று சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. "அப்பா ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல டாக்டர்" என்றாள்.

"தலையை யாரு நிறுத்தச் சொன்னா? நம்ம கருவியும் கூடவே ஆடிட்டுப் போகட்டும்" என்றார் டாக்டரம்மா.

சொல்லிவிட்டாரே தவிர, மூன்று வாரம் படாத பாடு பட்டார். பற்களைக் கவ்விக்கொள்ளும் ஒரு பிடி. அதிலிருந்து வெளியே நீளும் சின்னத் தாங்கி. அதில் மணிக்கட்டை ஊன்றினால் தலை போகும் பக்கமெல்லாம் கையும் போகும். முதலில் செய்தது கழன்று விழுந்தது. இரண்டாவது டாக்டரம்மாவின் ஈறையே குத்திவிட, கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். மூன்றாவதைக் கணவர் வாயில் மாட்டி, ஓடுகிற வாஷிங் மெஷின்மேல் அவர் தலையைச் சாய்க்கச் சொன்னார். மெஷின் தடதடக்க, பேனாவால் பல்லில் புள்ளி வைத்தார். ஒன்றல்ல, பத்துத் தடவை. பத்தும் ஒரே இடத்தில் விழுந்தன.

வாத்தியார் தள்ளாடி எழுந்தார். "முப்பது வருஷமா பூமி சுத்துதுன்னு பாடம் எடுத்தேன். இன்னிக்குத்தான் நேர்ல பார்த்தேன்."

சிகிச்சை நாளில் டாக்டரம்மா பிடியைக் கண்டக்டரின் பல்லில் மாட்டி, தாங்கியில் மணிக்கட்டை ஊன்றினார். துளைக்கும் ஊசி பல்லைத் தொட்டது. கண்டக்டரின் தலை இடப்பக்கம் போனது, கையும் போனது. வலப்பக்கம் திரும்பியது, கையும் திரும்பியது. மகள் கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். நாற்பது நிமிஷத்தில் இரண்டு பல்லும் அடைத்தாயிற்று. நாக்கில் ஒரு கீறல் இல்லை.

"ஸ்டாப்பிங் வந்துடுச்சா?" என்றார் கண்டக்டர்.

"வந்தாச்சு, எறங்குங்க!"

மகள் ஒரே நேரத்தில் அழுதாள், சிரித்தாள். வாசலில் நின்ற வாத்தியார் கைதட்டினார். கண்டக்டர் வாயைத் திறந்து திறந்து மூடி, பல்லோடு பல்லைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மா மட்டும் அவர் உதட்டோரம் குனிந்தார். அங்கே மெல்லிய சிவப்புக் கோடு ஒன்று. கருவியைக் கழுவி வெளிச்சத்தில் பிடித்து, அதன் முனையை விரலால் தடவினார். பிறகு மேஜை இழுப்பறையைத் திறந்து, அரத்தை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.