மெஷினுக்கு அடித்த காவி

நாகஜோதியிடம் மணி கேட்பவர்கள் கொஞ்சம் யோசித்துத்தான் கேட்க வேண்டும். மணியோடு, பனி எப்போது விலகியது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, செங்கல் சூளைப் புகை இன்று யார் வீட்டுக்கு விருந்து போகிறது என்பதையும் கேட்டுவிட்டுத்தான் நகர முடியும். காமயகவுண்டன்பட்டியில் இரண்டு வருஷமாக அவளுக்கு அதுதான் உத்தியோகம்.

அதற்கு முன் திராட்சைப் பெட்டி அடுக்கும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். மதுரையில் ஆராய்ச்சி செய்யும் மதன்குமார் தோதான மாடி தேடி அலைந்து, கடைசியில் அவள் வீட்டு மொட்டை மாடியில் சிமெண்டு மேடை கட்டி, காற்றை உறிஞ்சும் மெஷினை வைத்தார். தினமும் காலை ஆறு மணிக்கு அதிலுள்ள வட்டத் தாளை மாற்ற வேண்டும். பழைய தாளை உறையில் போட்டுத் தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பத்தாவதோடு படிப்பு நின்றுபோன நாகஜோதிக்கு அந்தக் கையெழுத்தின் மேல் அவ்வளவு ஆசை. காய்ச்சல் வந்தும் ஒரு நாள்கூடத் தவறவிட்டதில்லை.

எதற்கு இந்தப் பாடு என்று மதன்குமார் அவளிடம் சொல்லியிருந்தார். சூளையில் எரியும் நிலக்கரியிலிருந்து கந்தகப் புகை வரும். தொண்டையைக் கமற வைக்கும். காற்றில் மிதக்கும் இரும்பு, மாங்கனீசுத் துகள்கள் பனித்துளியில் கரைந்தால், அந்தத் துளிக்குள் வந்து சேரும் கந்தக வாயு சீக்கிரம் உப்பாக மாறிவிடும். அந்த அளவுக்குக் காற்றில் வாயு குறையும்.

"பாலுக்கு உறை ஊத்துற மாதிரியா சார்?" என்று கேட்டாள்.

"கிட்டத்தட்ட அப்படித்தான்க்கா. துளியூண்டு போதும், பெரிய வேலை பார்க்கும்."

இந்தத் தை மாதம் பொங்கலுக்கு வீட்டுச் சுவருக்கு வெள்ளையும் காவியும் அடித்தார்கள். வீடு பளபளவென்று இருக்க, மாடியில் மெஷின் மட்டும் மூளியாக நின்றது நாகஜோதிக்குப் பொறுக்கவில்லை. மேடையைச் சுற்றி வெள்ளையடித்து, இடையிடையே காவிப் பட்டை இழுத்து, மெஷினுக்கு ஒரு பொட்டும் வைத்தாள். திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்த அவள் கணவன் சுருளியாண்டி, "மாலையும் போட்டு விட்டேன்னா சல்லிக்கட்டுக்கே அனுப்பலாம்" என்று சிரித்தான்.

இரண்டு வாரம் கழித்து மதன்குமார் போன் செய்தார். குரலில் உயிரே இல்லை. பதினாலாம் தேதியிலிருந்து நாலு நாள் காற்றில் இரும்பு மூன்று மடங்கு ஏறியிருக்கிறது. நல்ல பனியும் இருந்திருக்கிறது. கந்தக வாயு மட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சமும் குறையவில்லை. "என் கணக்கே தப்புப் போலக்கா. எங்க பேராசிரியர் சாரும் போதும்னுட்டாரு. சனிக்கிழமை வந்து மெஷினைக் கழட்டிக்கிறேன்" என்றார்.

நாகஜோதி மாடிக்கு ஓடினாள். மேடையில் வெள்ளை இருந்தது. காவியில் பாதியைக் காணோம். மிச்சமிருந்ததை விரலால் தேய்த்தாள். செக்கச் செவேலென்று ஒட்டியது. பசை கலக்காமல் அடித்த காவி பொடிப் பொடியாக உதிர்ந்து மெஷினுக்குள் போயிருக்கிறது. காவியின் சிவப்பு இரும்புத் துருதானே.

விஷயத்தைக் கேட்ட சுருளியாண்டி பதறினான். "நீ வாயத் தொறக்காத. அவுக பாட்டுக்குக் கழட்டிட்டுப் போகட்டும். சொன்னா, ரெண்டு வருசம் பாத்த வேலையும் பொய்னு ஆயிரும்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க நாகஜோதிக்கு வராது. ஒரு வாரமாக அவள் சாப்பிட்டதும் சரியில்லை, தூங்கியதும் சரியில்லை.

சனிக்கிழமை ஸ்பானரோடு வந்த மதன்குமாரை நேரே மாடிக்குக் கூட்டிப்போனாள். வெள்ளைத் துணியால் மேடையைத் துடைத்து, சிவந்த துணியை அவர் கையில் கொடுத்தாள். "அந்த நாலு நாள் இரும்பு நான் அடிச்ச காவி சார். உங்க கணக்குத் தப்பில்ல. என்னைய வேலைய விட்டு நிப்பாட்டுனாலும் சரி, இதச் சொல்லாம இருக்க முடியல."

மதன்குமார் துணியை விரித்துப் பார்த்தார். பிறகு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"காவி தண்ணியில லேசில கரையாதுக்கா. பனித்துளிக்குள்ள கல்லு மாதிரிக் கெடந்திருக்கும். லாரிப் புகையிலயும் சூளைப் புகையிலயும் வர்ற இரும்பு கரையும். இரும்பு இருந்தா மட்டும் பத்தாது, கரையணும். இதைச் சோதிச்சுப் பார்க்கணும்னா எனக்கு ஒரு வருசம் ஆகியிருக்கும். நீங்க பொங்கலோட பொங்கலா முடிச்சிட்டீங்க."

"அப்ப மெஷினு?"

"இங்கதான் இருக்கும். எங்க சார்கிட்ட நான் பேசிக்கிறேன். எனக்கு ஒரு பொட்டலம் காவி மட்டும் வேணும்."

ஒரு வாரமாக அடக்கி வைத்திருந்ததெல்லாம் அப்போது உடைந்தது. நாகஜோதி மாடித் தரையில் உட்கார்ந்து சத்தமாக அழுதாள். சந்தோஷத்தில்தான் அழுதாள், கீழே இருந்தவனுக்கு அது எப்படித் தெரியும்?

சுருளியாண்டி இரண்டிரண்டு படியாகத் தாவி வந்தான். மனைவி அழுகிறாள், எதிரே ஸ்பானரோடு மதன்குமார் உட்கார்ந்திருக்கிறார். வாயைத் திறக்காதே என்று ஒரு வாரமாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் குரலை உயர்த்தினான்.

"வேலைய விட்டு நிப்பாட்டுறதுன்னா நிப்பாட்டிக்கங்க சார். ஆனா எம் பொண்டாட்டி கையெழுத்துப் போட்ட ஒரு தாளுகூடப் பொய்யி கெடையாது. அத மட்டும் எழுதி வச்சுக்கங்க."