எரியாத உள்ளங்கை

ஹஸ்மிக்கு வயது முப்பத்தேழு. அதில் பத்தொன்பது வருடம் புத்தளம் களப்போரத்து உப்புப் பாத்திகளில் போயிருக்கிறது. கையுறை கொடுத்தாலும் அங்கே யாரும் போடமாட்டார்கள். உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்து தங்கிவிட்டால் வெறுங்கையைவிட மோசம். அதனால் எல்லோருடைய உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் ஒரு வெடிப்போ சிவப்போ இருக்கும். உப்புக்கடி என்பார்கள். யாரும் யாருடைய கையையும் பார்த்து எதுவும் கேட்பதில்லை.

பெப்ரவரி கடைசியில் ஹஸ்மியின் இரண்டு உள்ளங்கைகளிலும் செம்பு நிறத்தில் புள்ளிகள் வந்தன. பிறகு காலிலும் வந்தன. உப்புக்கடி என்று மனைவி ஸுஹைராவிடம் சொன்னார். அவள் தேங்காயெண்ணெய் பூசிவிட்டாள். மூன்றாவது பிள்ளை வயிற்றில். இரண்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது.

ஹஸ்மிக்கு வேறொரு சந்தேகமும் இருந்தது. மழைக்காலத்தில் பாத்திகள் மூழ்கிவிடும். அப்போது அவர் கொழும்பு புறக்கோட்டைக்குப் போய் மூட்டை சுமப்பார். கடைசியாகப் போனபோது கூட்டாளிகளோடு ஓர் அறைக்குப் போனார். அந்தப் பெண்ணின் பெயர் தெரியாது. முகமும் சரியாக நினைவில்லை. சில வாரம் கழித்து மறைவிடத்தில் ஒரு புண் வந்தது. வலிக்கவில்லை, தானாகவே ஆறியது. ஆறிவிட்டதால் அதைப் பற்றி நினைப்பதை நிறுத்திவிட்டு, ஜனவரியில் ஊர் திரும்பினார்.

இப்போது விழித்ததும் முதல் வேலை கையைப் பார்ப்பது. பள்ளியில் தொழுகை முடிந்ததும் பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுக்கவேண்டி வரும் என்று முதல் ஆளாக எழுந்து வெளியே வந்தார். மூத்த மகள் பாதி குடித்துவிட்டு நீட்டும் தேத்தண்ணியை வாங்க மறுத்தார். ஸுஹைரா பக்கத்தில் வந்து படுத்தால் முதுகு வலிக்கிறது என்றார். பயமாக இருந்ததா என்று கேட்டால், அப்படி ஒன்றும் தெரியவில்லை என்கிறார். மரத்துப்போன மாதிரி இருந்ததாம். வேலைக்குப் போனார், சாப்பிட்டார், கையைப் பார்த்தார்.

பாத்தியில் ஒரு பழக்கம் உண்டு. உப்புக்கடி என்று சொல்லி ஒருவன் வேலைக்குக் கள்ளம் போடுகிறான் என்று தோன்றினால், கடைசிப் பாத்தித் தண்ணீரில் அவன் கையை முக்கச் சொல்வார்கள். உப்பு விளையும் பாத்தி அது. அந்தத் தண்ணீர் புண்ணில் பட்டால் ஆள் துள்ளுவான். துள்ளினால் லீவு, துள்ளாவிட்டால் வேலை.

ஹஸ்மி லீவு கேட்கவில்லை. ஆனால் உடன் வேலை செய்யும் ஃபாஹிம், அவரைவிட மூத்தவர், எல்லோருக்கும் நானா, அதாவது அண்ணன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார்.

"டேய் கொழும்பு மாப்புள, பள்ளியில கை குடுக்காம ஓடுறியாம். அங்க எவளுக்காவது கைய வித்துட்டு வந்துட்டியா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஃபாஹிம் அவருடைய கையைப் பிடித்துத் திருப்பினார்.

"உப்புக்கடி நானா."

"அப்பிடியா? முக்கு பாப்பம்."

ஹஸ்மி குனிந்து இரண்டு கைகளையும் தண்ணீரில் வைத்தார். மற்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்து நின்றார்கள்.

"எரியுதா?"

"இல்ல."

"வீரம் காட்டாதடா."

"இல்ல நானா. எரியல்ல."

ஒவ்வொருவராகச் சிரிப்பை நிறுத்தினார்கள். ஃபாஹிம் அந்தக் கையை மறுபடியும் தூக்கிப் பார்த்தார். இந்த முறை பிடிக்காமல், விரல் நுனியால்.

"இது உப்புக்கடி இல்லடா. ஆஸ்பத்திரிக்கி போ."

மறுநாள் ஹஸ்மி புத்தளம் டவுன் ஆஸ்பத்திரிக்குப் போய் தோல் நோய் வரிசையில் உட்கார்ந்தார். டொக்டர் கையைப் பார்த்தார், செருப்பைக் கழற்றச் சொல்லி காலைப் பார்த்தார், சிங்களத்தில் இரண்டு கேள்வி கேட்டார். பின்பக்கக் கட்டடத்துக்கு அனுப்பினார். அங்கே இரத்தம் எடுத்துவிட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள். மத்தியானம் றோசமேரி என்ற தாதி கூப்பிட்டு, கதவைச் சாத்தினார்.

"சிபிலிஸ், தம்பி. பழைய ஆக்கள் மேகநோய் எண்டு சொல்லுவாங்க. ஊசியில சுகமாகும். கலியாணம் முடிச்சா?"

"ஓம் மிஸ். வைஃப் மாசமா இரிக்கி."

றோசமேரி பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப அவவையும் கூட்டிக்கொண்டு வாங்க."

"எனக்கு மட்டும் போட ஏலாதா? அவக்குத் தெரியாம?"

"ஏலாது. அவவுக்கும் இருந்தா உங்களுக்குத் திரும்ப வரும். அத விடுங்க, வயித்தில புள்ள. நேரத்தோட ஊசி போட்டா புள்ளையக் காப்பாத்தலாம். இல்லாட்டி செத்துப் பிறக்கவும் கூடும்."

"கோப்பையால தொத்துமா மிஸ்? மகள்..."

"கோப்பையால வராது. அத யோசிக்காதீங்க."

ஊசி இடுப்பில் போட்டார்கள். கடுமையாக வலிக்கும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். வலித்ததா என்பது ஹஸ்மிக்கு நினைவில்லை. பஸ்ஸில் வரும்போது ஸுஹைராவிடம் எப்படிச் சொல்வது என்று வசனம் வசனமாகக் கட்டிப் பார்த்தார். வீட்டு வாசலில் ஒன்றும் மிஞ்சவில்லை.

அவள் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள்.

"நாளைக்கி நீயும் ஆஸ்பத்திரிக்கி வரணும்."

"உங்கட கைக்கு மருந்து எடுக்க நான் எதுக்கு?"

"ஒனக்கும் ரத்தம் பாக்கணும். கொழும்புல நான் ஒரு பொம்புளயோட இரிந்த. அதால தொத்தின வருத்தம் இது."

துருவும் சத்தம் நின்றது. ஸுஹைரா பாதித் தேங்காயைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யார் என்று கேட்கவில்லை. எத்தனை தடவை என்றும் கேட்கவில்லை.

"புள்ளைக்கி?"

"நேரத்தோட ஊசி போட்டா காப்பாத்தலாமாம்."

"போடாட்டி?"

ஹஸ்மி சொன்னார். தாதி சொன்ன அதே வார்த்தைகளில் சொன்னார். அவள் மறுபடி துருவ ஆரம்பித்தாள். ஓடு தெரிந்த பிறகும் துருவிக்கொண்டிருந்தாள்.

"பஸ் எத்தன மணிக்கி?"

"ஏழு."

"உம்மாட்ட என்ன சொல்ற?"

"ஒனக்குக் கிளினிக் எண்டு சொல்லுவம்."

"பொய்யையும் நீங்களே போய்ச் சொல்லுங்க."

அவர் பக்கத்து வீட்டுக்குப் போய் ஸுஹைராவின் உம்மாவிடம், தன் மாமியிடம், சொன்னார். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர் சம்மதித்தார்.

மறுநாள் வியாழக்கிழமை, ஏழு மணி பஸ்ஸில் இருவரும் புத்தளம் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள். ஸுஹைராவுக்கு அங்கே இரத்தம் எடுப்பார்கள்.