ஷோபா சொல்லாமல் விட்டது

ஷோபாவை ஒரு இடத்தில் உட்காரவைக்க அவளைப் பெற்றவளாலேயே முடிந்ததில்லை. ஹைதராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்தவள். ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்க்கும் டேனியலைக் கட்டிக்கொண்டு நாச்சாரத்தில் ஒரு சந்துக்குள் குடிவந்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இன்னமும் காலில் சக்கரம்தான். யாருக்கு பேங்க் வேலை, யாருக்கு ஆஸ்பத்திரி, எவன் வாடகையை ஏற்றிவிட்டான், எல்லாவற்றுக்கும் "ஷோபாக்கா, கொஞ்சம் வாங்க" என்று வாசலில் ஒரு குரல் கேட்கும். போட்டது போட்டபடி கிளம்பிவிடுவாள். தமிழ், தெலுங்கு, ஹிந்தி மூன்றும் அவள் வாயில் ஒரே சட்டியில் கொதிக்கும்.

ஆனால் அவள் பாஷை மாற்றிச் சொல்கிற அழகு இருக்கிறதே, அது தனி ரகம். மேல்மாடி அய்யாக்கண்ணு ஒரு நாள் வீட்டு ஓனரைப் பார்த்து, "தண்ணி வராத வீட்டுக்கு வாடகை ஒரு கேடாய்யா?" என்று கத்தினார். ஷோபா சிரித்த முகமாகத் தெலுங்கில், "தண்ணியைக் கொஞ்சம் பார்த்துக்கச் சொல்லிக் கேட்டுக்கிறார் அண்ணா" என்றாள். ஓனர் மனம் குளிர்ந்துபோய் மோட்டாரைப் போட்டார். "பாத்தியா, நான் விட்ட சத்தத்துல ஆளு ஆடிட்டான்" என்று அய்யாக்கண்ணு மீசையைத் தடவிக்கொண்டார். வெளியாள் முன்னால் நம்ம ஜனங்களை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று குவார்ட்டர்ஸில் அம்மா சொல்லிச் சொல்லி வளர்த்த வளர்ப்பு அது. பிழைக்க வந்த ஊரில் பேர் கெட்டால் என்ன இருக்கிறது?

அந்தச் சந்துக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. உறைமோர். கனகவல்லி அக்கா ஆரம்பித்துவைத்தது. எந்த வீட்டிலாவது பொம்பளை அடி வாங்கும் சத்தம் கேட்டால், ஒருத்தி கிண்ணத்தோடு போய்க் கதவைத் தட்டி உறைமோர் கேட்பாள். என்ன சத்தம் என்று வாயைத் திறக்கமாட்டாள். அவள் வாங்கிக்கொண்டு நகர்வதற்குள் அடுத்தவள் கிண்ணத்தோடு நிற்பாள். அவள் பின்னால் பக்கத்து வீட்டு பர்வீன் "தோடா தஹி ஹை க்யா" என்று தன் பங்குக்குக் கொஞ்சம் தயிர் கேட்பாள். அடிக்கிறவன் எத்தனை தடவைதான் கதவைத் திறப்பான், பாவம்! கடைசியில் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவான். அப்புறம்தான் பெண்கள் உள்ளே நுழைந்து, அடிபட்டவளுக்குத் தண்ணீர் கொடுத்து, எங்கே போகலாம், யாரைப் பார்க்கலாம் என்று பேசுவார்கள். சிலபேர் கேட்டுக்கொள்வார்கள். பலபேர் "ஒண்ணும் இல்லக்கா, கீழ விழுந்துட்டேன்" என்பார்கள்.

கிரி வீட்டுக்குத்தான் கிண்ணங்கள் அடிக்கடி போயின. கிரி ஒரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். அவன் பெண்டாட்டி ராஜி வந்தவாசிப் பக்கம். கல்யாணமாகி ஹைதராபாத் வந்தவளுக்குத் தெலுங்கு சுட்டுப்போட்டாலும் வரவில்லை. காய்கறிக்காரியிடம் விரலைக் காட்டித்தான் வாங்குவாள். கிரியின் மாமா வரதராஜன் அந்த வட்டாரத் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர். பொங்கல் விழாவில் மைக் அவர் கையில்தான். ராஜி விஷயம் காதுக்குப் போகும்போதெல்லாம் வந்து, காபி குடித்து, "புருஷன் பொண்டாட்டின்னா அப்படி இப்படித்தாம்மா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் போவார்.

ஒரு நாள் காலையில் கிரி வேலைக்குப் போனதும் ராஜி கையில் ஒரு பையோடு வந்து நின்றாள். அந்த வெயிலில் துப்பட்டாவைக் கழுத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டியிருந்தாள்.

"அக்கா, பொம்பளைங்களுக்கு உதவி பண்ற எடம் உப்பல்ல இருக்குன்னு சொன்னீங்களே. என்னைக் கூட்டிட்டுப் போங்க."

ஷோபா அடுப்பை அணைத்துவிட்டுக் கிளம்பினாள். எத்தனை கிண்ணம் போனதற்கு இன்றைக்குத்தான் ஒருத்தி தானாக வந்திருக்கிறாள்! பெருமையாகக்கூட இருந்தது.

உப்பல் உதவி மையத்தில் இருந்த மேடம் பொறுமைசாலி. தெலுங்கில்தான் பேசினாள். ராஜி அணை உடைந்த மாதிரி கொட்டினாள்.

"நேத்து என் கழுத்தை நெரிச்சான் மேடம். கண்ணு இருட்டிடுச்சு. செத்துட்டேன்னுதான் நெனச்சேன்."

மேடம் ஷோபாவைப் பார்த்தாள். ஷோபா தெலுங்கில் ஆரம்பித்தாள்.

"சண்டை வந்தா வீட்டுக்காரர் கை நீட்டுறாராம் மேடம். இவளுக்குக் கொஞ்சம் பயமா இருக்காம்."

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. திருத்தலாம் என்று நினைப்பதற்குள் ராஜி அடுத்ததைச் சொன்னாள், ஷோபா அதையும் கழுவித் துடைத்துக் கொடுத்தாள். எல்லாம் கேட்ட மேடம், நாளைக்கு ரெண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசிச் சேர்த்துவைப்போம், இன்றைக்கு மட்டும் உங்கள் வீட்டில் இருக்கட்டும் என்று அனுப்பிவைத்தாள்.

வெளியே வந்ததும் ராஜி கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் சொல்லிட்டீங்களாக்கா?"

"ஹவ், ஆமா, சொல்லிட்டேன்" என்றாள் ஷோபா.

அன்று மத்தியானம் அவளுக்கு ஒரு வேலை ஓடவில்லை. கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினாள். மொட்டைமாடிக்குப் போய்க் காயாத துணியைத் தொட்டுப்பார்த்துவிட்டு இறங்கினாள். கட்டிலில் ராஜி அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தாள். தூக்கத்தில் துப்பட்டா விலகி, கழுத்தில் விரல் விரலாகக் கன்னிப்போயிருந்தது தெரிந்தது. ஷோபா சமையல்கட்டுக்கும் வாசலுக்கும் நடந்தாள், திரும்ப நடந்தாள்.

வேலை முடிந்து வந்த டேனியல் கொஞ்ச நேரம் பார்த்தான். "ஏண்டி, வீட்டுக்குள்ள ஷண்ட்டிங் அடிச்சிட்டிருக்க?"

அவனிடம் சொல்லி அழுதாள். டேனியல் சட்டைப் பித்தானைக் கழற்றுவதை நிறுத்தினான்.

"நாளைக்கு அவன்கூட அனுப்பிட்டா?"

"அதான் எனக்கும் அடிச்சிக்குது."

"அப்ப போய் உள்ளதைச் சொல்லு."

"வரதராஜன் சார் இருப்பாரே! அவரை வச்சிக்கிட்டா? நாளைக்கு நம்ம ஜனங்க மூஞ்சியில எப்படி முழிக்கிறது?"

டேனியல் கட்டிலைத் திரும்பிப் பார்த்தான்.

மறுநாள், மேடம் போனில் கூப்பிட்டதில், கிரி இஸ்திரி போட்ட சட்டையில் மையத்துக்கு வந்திருந்தான். பக்கத்தில் வரதராஜன். அவர் பேசிய தெலுங்கைக் கேட்டால் ரேடியோ தோற்றுப்போகும். சின்னஞ்சிறுசுகள், வாய்த்தகராறு, இனிமேல் நான் பொறுப்பு என்று குழைந்தார். கிரி கையெடுத்துக் கும்பிட்டான். அடப்பாவி, அந்தக் கையா என்று இருந்தது ஷோபாவுக்கு. மேடம் தலையாட்டிவிட்டு, வீட்டுக்குப் போகச் சம்மதமா என்று ராஜியைக் கேட்கச் சொன்னாள்.

"என்னக்கா சொல்றாங்க?"

"உன்னை... வீட்டுக்குப் போகச் சொல்றாங்க."

ராஜி மேடத்தையும் ஷோபாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "அதெப்படிக்கா? கழுத்தை நெரிச்சதச் சொன்னோமே. அது தெரிஞ்சுமா போகச் சொல்றாங்க? இந்த ஊர்ல அது தப்பில்லையா?"

ஷோபாவால் அதற்குமேல் நாற்காலியில் உட்கார முடியவில்லை. எழுந்து நின்று தெலுங்கில் சொன்னாள்: "மேடம், நேத்து நான் சரியாச் சொல்லல. மாத்திச் சொல்லிட்டேன். இந்தப் பொண்ணைக் கழுத்தை நெரிச்சிருக்கான். இவ செத்துட்டேன்னு நெனச்சிருக்கா. இதுக்கு முன்னாடியும் பண்ணியிருக்கான்."

வரதராஜன் சட்டென்று தமிழுக்குத் தாவினார். "ஷோபா! நீயாம்மா இது? நம்ம வீட்டு அசிங்கத்தை இவங்க முன்னாடியா கொட்டுவ?"

"நக்கோ சார், வேணாம். நீங்களும் நானும் மூடி வச்சது போதும். இவ செத்துப்போனா உங்க மைக்குல என்னன்னு சொல்வீங்க?"

மேடம் பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஆண்களை வெளியே அனுப்பினாள். ராஜியின் துப்பட்டாவை மெதுவாக விலக்கிப் பார்த்தாள். அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. போலீஸுக்குப் போன் போனது. முதலில் ஆஸ்பத்திரி, அப்புறம் புகார், இனி அந்த வீட்டுக்குப் போக வேண்டியதில்லை, தங்க இடம் உண்டு என்றாள் மேடம். ஷோபா இந்தத் தடவை ஒரு சொல் குறையாமல் தமிழில் சொன்னாள்.

ராஜி கேட்டது ஒன்றுதான். "அப்ப நேத்து?"

"நேத்து சொல்லல ராஜி. நம்ம ஆளுங்க பேரு கெட்டுடும்னு வாய் தானா மாத்திடுச்சு. என்னை நாலு அறை அறைஞ்சுடு, வாங்கிக்கிறேன்."

ராஜி துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு வெளியே நடந்தாள். ஆட்டோவில் ஏறி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். மையத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி முன்னால் ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்கு வழி காட்டிப் போனாள். ஷோபா சீட்டில் நிலைகொள்ளாமல் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தாள். திட்டினாலாவது தேவலை.

சிக்னலில் ஆட்டோ நின்றபோது ராஜி கேட்டாள். "அக்கா, கழுத்தை நெரிச்சான்னு தெலுங்குல எப்படிச் சொல்றது?"

"அது எதுக்கு உனக்கு? நான்தான் கூடவே வரேனே."

"சொல்லிக் குடுங்கக்கா."

ஷோபா ஒவ்வொரு சொல்லாக நிறுத்திச் சொன்னாள். "நா கொந்து பிசிகாடு."

ராஜி வாய்க்குள் சொல்லிப்பார்த்தாள். தடுமாறியது. மறுபடி சொன்னாள். மூன்றாவது முறை சத்தமாகவே வந்தது.

"நா கொந்து பிசிகாடு."

ஆட்டோக்காரர் திடுக்கிட்டுத் திரும்பி, யார் செய்தது என்று கேட்டார். "எவரம்மா?"

ஷோபா பதில் சொல்ல வாயெடுத்தாள். ராஜி அவள் கையைப் பிடித்து அமர்த்திவிட்டு, சந்துப் பெண்கள் தினமும் சொல்லிக் கேட்ட வார்த்தையைத் தேடி எடுத்துத் தானே சொன்னாள்.

"மா ஆயன. என் புருஷன்."