‘பரவாயில்லை’ என்ற பதிலை நம்பாத டாக்டர்

டாக்டர் வசந்தாமணி காலமான செய்தியை அவருடைய தம்பி போனில் சொன்னபோது, நான் கோவை கணபதியில் என் பிசியோதெரபி அறையில் ஒருவருடைய காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தேன். “அக்கா போயிட்டாங்க, அம்மணி. தூக்கத்துலயே போயிட்டாங்க” என்றார். காலை மெதுவாக இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தேன். படுத்திருந்தவர் எழுந்துபோய் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அன்றைக்கு அந்த முதுகுவலிக்காரர்தான் என்னைக் கவனித்துக்கொண்டார்.

இதைப் படிக்கும் பலர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள்தாம். அவரிடம் வேலை பார்த்த காலத்தில் நானும் நிறைய வாங்கியிருக்கிறேன். ஆனால் அவர் ஒரு நோயாளியைத் திட்டி நான் பார்த்ததில்லை. ஸ்கேன் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, “டிஸ்க்கு போயிருச்சாமுங்க” என்று கண் கலங்கி வருபவர்களிடம், “படத்துக்கு வலிக்காதுங்க. உங்களுக்கு எப்ப வலிக்குது, அதச் சொல்லுங்க” என்பார். அவர்கள் பேசி முடிக்கும்வரை படம் மேசையிலேயே கிடக்கும்.

ஒருமுறை இடுப்பு பெல்ட் விற்கும் ஒருவர் வந்து, இதைக் கட்டினால் எந்த முதுகுவலியும் ஓடிவிடும் என்று அடித்துப் பேசினார். வசந்தாமணி மேடம் விவாதம் எதுவும் செய்யவில்லை. பெல்ட்டை வாங்கிப் புடவைக்கு மேலேயே கட்டிக்கொண்டு அன்று முழுவதும் நோயாளிகளைப் பார்த்தார். சாயங்காலம் அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, “நல்லா வேர்க்குதுங்க. வேற ஒண்ணும் தெரியல” என்றார். விற்க வந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

நாள்பட்ட முதுகுவலிக்கு என்று அவர் சொந்தமாக ஒரு பயிற்சிமுறையை உருவாக்கியிருந்தார். அவருடைய வாழ்நாள் உழைப்பு அது. மாத்திரையும் ஊசியும் இல்லாமல் நம் விசைத்தறிக்காரர்களை நிமிர்ந்து நடக்க வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை முறையாகச் சோதித்துப் பார்க்கக் கருமத்தம்பட்டியில் ஒரு ஆய்வைத் தொடங்கினார். தறிக்காரர்களில் ஒரு பகுதியினருக்கு நான் பயிற்சி சொல்லிக்கொடுத்தேன். இன்னொரு பகுதியினரிடம் பயப்படாமல் வேலையைப் பாருங்கள், தினமும் கொஞ்சம் நடங்கள் என்று மட்டும் சொன்னோம். பிறகு நாங்களே போய் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டோம்.

பயிற்சி செய்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில், “இப்ப பரவால்லீங்க” என்றார்கள். நான் தலைகால் புரியாமல் ஆடினேன். கோவையில் நடக்கவிருந்த மருத்துவர்கள் கூட்டத்தில் மேடம் அதைப் பற்றிப் பேசுவதாகவும் முடிவாகிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் பழனிசாமி என்ற தறிக்காரர் எங்களை வீட்டுக்கு அழைத்தார். வலி சுத்தமாகப் போய்விட்டது என்று சொன்னவர் அவர். நன்றிக்கு ஒரு வாழைத்தாரை வேறு எடுத்து வைத்திருந்தார். அதைத் தூக்கப் போனவர், பாதி குனிந்த நிலையில் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். மேடம் ஓடிப்போய்த் தாங்கினார்.

“வலி இல்லைன்னீங்களே?”

பழனிசாமியின் மனைவிதான் பதில் சொன்னார். “அதெப்படீங்க மூஞ்சிக்கு நேரா சொல்றது? இத்தன தூரம் மெனக்கெட்டு வாரீங்க. வைத்தியம் கேக்கலைன்னு சொன்னா உங்க மனசு நோகாதுங்களா?”

திரும்பும்போது அவிநாசி சாலைக்கு வந்ததும் மேடம், “நம்ம ஊர்க்காரங்ககிட்ட நம்ம ஊர்க்காரியே போய்க் கேட்டா வேற என்னத்தச் சொல்லுவாங்க? எனக்கே தெரிஞ்சிருக்கோணும்” என்றார். மறுநாளே கூட்டத்தில் பேசப் போவதில்லை என்று சொல்லிவிட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது. ஒருவர் மரியாதைக்காகச் சொன்னால் எல்லோருமா அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று சண்டை போட்டேன். “நல்ல சேதின்னா ரெண்டு தடவை விசாரிக்கோணும், அம்மணி. கெட்ட சேதிய எவனும் உபசாரத்துக்குச் சொல்ல மாட்டான்” என்று முடித்துவிட்டார்.

ஆய்வை முதலிலிருந்து தொடங்கினோம். இந்த முறை கேள்வி கேட்கும் வேலை எங்களிடம் இல்லை. தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு அம்மாள் போனிலேயே விசாரித்தார். யார் பயிற்சி செய்தவர், யார் நடந்தவர் என்று அவருக்குத் தெரியாது. வலி குறைந்ததா என்று அவர் கேட்கவேயில்லை. நேற்றுக் குனிந்து பாவு நூல் உருளையைத் தூக்கினீர்களா, ராத்திரி புரண்டு படுக்க முடிந்ததா என்றுதான் கேட்டார். முகம் தெரியாத குரலிடம் ஜனங்கள் கொட்டித் தீர்த்துவிட்டார்கள். முதுகு முடிந்து, முழங்காலும் முடிந்து, மருமகன் வரைக்கும் போனதாக அந்த அம்மாள் சொல்லிச் சிரித்தார்.

முடிவு வந்தபோது யாரும் சிரிக்கவில்லை. இரண்டு பக்கத்தாரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறியிருந்தார்கள். மேடத்தின் பயிற்சியால் தனியாக ஒரு பலனும் தெரியவில்லை.

அதை அப்படியே எழுதி மருத்துவப் பத்திரிகைக்கு அனுப்பினார். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது அடுத்து அவர் செய்ததுதான். கருமத்தம்பட்டிக்கே போய்த் தறிக்கூட வாசலில் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினார். “நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியில விசேஷமா ஒண்ணும் இல்லீங்க. சும்மா நடந்தவங்களும் அதே அளவு தேறியிருக்காங்க. புடிச்சா செய்யுங்க, இல்லாட்டி நடந்தாப் போதும்” என்றார்.

பழனிசாமிதான் ஆரம்பித்தார். “இத நீங்களே வந்து சொல்லோணும்னு இல்லீங்களே.”

“எம்மனசு நோகக்கூடாதுன்னு நீங்க பொய் சொன்னீங்க. உங்க முதுகு நோகக்கூடாதுன்னு நான் நெசத்தச் சொல்றேனுங்க.”

பின்னால் நின்ற ஒரு பெண் தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். “அப்ப நானும் சொல்லிப்போடறேனுங்க. அந்தக் குப்புறப் படுத்துக் கால் தூக்கறது இருக்குதே, அதச் செஞ்சா எனக்கு வலி சாஸ்தியாகுதுங்க.” உடனே இன்னொருவர், அவருக்குப் பின்னால் இன்னொருவர். மேடம் அங்கேயே ஒரு நூல் மூட்டையின் மேல் உட்கார்ந்து, பொழுது சாயும்வரை ஒவ்வொருவரிடமும் கேட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அவர் போய்ச் சில வாரங்கள் ஆகின்றன. நேற்று ஒரு அம்மாள் என் அறைக்குள் வந்து உட்காரும்போதே, “உங்க வைத்தியம் எனக்குக் கேக்கலீங்க” என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, “சொல்லுங்க” என்றேன். வசந்தாமணி மேடம் எனக்கு விட்டுப்போனது அந்த ஒரு வார்த்தைதான்.